இரண்டு டிஸ்க்கிலும் இல்லை

என் வேலை சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் யூனிக்ஸ் சர்வர்களை, தேவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். எந்த டிஸ்க் நிறையப்போகிறது, எந்த பேக்கப் ஓடாமல் நின்றது, யாருக்கு எதை அழிக்கும் அனுமதி கொடுக்கலாம் என்பதுதான் நாள் முழுக்கக் கவலை. முகம் தெரியாதவர்களின் சரக்கு விவரத்தையெல்லாம் ஓர் எழுத்து தொலையாமல் காப்பாற்றியிருக்கிறேன். சொந்த வீட்டில் ஒரு மனுஷியின் குரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஊருக்குத் திரும்பிய புதிதில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு வீட்டுக்கென்று ஒரு சர்வர் செய்தேன். அண்ணன், மதினி, அவர்கள் மகள், அம்மா, நான் என்று எல்லோர் போனிலும் எடுக்கும் படங்கள் வீட்டு வைஃபை கிடைத்ததும் தானாக அதில் போய்ச் சேரும். வெளியூரிலிருந்தும் போனிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். மலைப்பக்கம் மழை பிடித்தால் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால் ஒரு யுபிஎஸ்ஸும் வைத்தேன். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். பம்புசெட்டுக்கும் இப்படி ஒரு ஜோடி இருந்தால் நன்றாக இருக்குமே என்று சிரித்தார்.

அதில் அதிகம் சேர்த்தது மதினிதான். திராட்சைப் பந்தலுக்குள் போனை நீட்டிப் பிடித்தபடி நடந்துகொண்டே பேசுவார். எந்தக் கொடியில் சாம்பல் நோய் விழுந்திருக்கிறது, வியாபாரி என்ன சொல்லிவிட்டுப் போனான், மருந்தடிக்க வந்தவர் எப்படி ஏமாற்றினார் என்று ஒரே பேச்சாக இருக்கும். போனைப் பிடித்திருப்பது அவர் என்பதால் எந்த வீடியோவிலும் அவர் முகம் இருக்காது. குரல் இருக்கும், சில சமயம் பெருவிரல் ஓரமாகத் தெரியும். அவர் போனில் இடம் குறைவு. அதனால் சர்வரில் ஏறியதும் போனிலிருந்து நீங்கிவிடும்படி அமைத்துக் கொடுத்திருந்தேன்.

இரண்டு டிஸ்க் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது பேக்கப் ஆகாது. இடி விழுந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்றாவது நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது என் தொழிலில் பாலபாடம். மதினியின் பிறந்த வீடு பண்ணைப்புரத்தில் இருந்தது. அவர் அங்கே போகும்போதெல்லாம் ஒரு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பி, முன்பு வைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அம்மா வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோவது மாதிரி ஒரு தூக்குப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். பண்ணைப்புரம் போக்குவரத்து நின்றது, டிஸ்க் மாற்றுவதும் நின்றது. மதினி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டியபடி, தேனியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம் பேசும் வீடியோ ஒன்று உண்டு. பரீட்சைக்குப் பயப்படாதே, தோற்றாலும் வீட்டுக்கு வா, உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று முடியும். வீட்டுக்கு வந்த நாளில் அதுவும் சர்வரில் ஏறியது. அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

வருஷம் திரும்பியதும் அம்மா பெண் பார்க்கத் தொடங்கினார். தோட்டத்தையும் வீட்டையும் ஒற்றை ஆளாக எப்படிப் பார்ப்பான் என்பது அம்மாவின் பேச்சு. அண்ணன் முதலில் மறுத்தார், பிறகு பேசாமல் இருந்தார். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வீரபாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், எங்கள் உறவுக்குள்ளேயே, எளிமையாகக் கல்யாணம் முடிந்தது. பண்ணைப்புரத்திலிருந்து யாரும் வரவில்லை.

ஹாலில் இருந்த டிவி சும்மா இருக்கும்போது சர்வரில் உள்ள படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். முன்பு எல்லோருக்கும் பிடித்துப்போய் நான் செய்து வைத்தது. புது மதினி வந்த வாரமே அண்ணன் மாடிக்கு வந்து அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மதினியின் படங்களையும் வீடியோக்களையும் டிவிக்குத் தெரியாதபடி தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணன் போனில் அந்த ஃபோல்டர் தெரிந்தது. நான் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கும்போது பெட்டி மக்கர் செய்தால் சரிபண்ணட்டும் என்று அவருக்கு முழு அனுமதி கொடுத்திருந்தேன். கம்பெனியில் மேனேஜரே கேட்டாலும் கொடுக்காத அனுமதி அது. அண்ணனிடம் எப்படி இல்லை என்பது?

மதினியின் மகள் கடைசிப் பரீட்சை முடியும்வரை அம்மாவின் வீடியோக்களைத் திறப்பதில்லை என்று இருந்தாள். திறந்தால் படிப்பு ஓடாது. பரீட்சை முடிந்த அன்று விடுதியிலிருந்து போன் செய்தாள். அந்தத் தண்ணீர்த் தொட்டி வீடியோ காணோம் அத்தை, எதுவுமே காணோம் என்றாள். வைஃபை கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே சர்வருக்குள் நுழைந்தேன். ஃபோல்டர் இல்லை. ஒரு டிஸ்க்கில் அழித்ததை இன்னொன்றும் சொன்னபடி கேட்டு அழித்திருந்தது. தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும். அந்த நாள் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிவிடலாம். ஆனால் சின்ன டிஸ்க் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் பழையவை கழிந்துவிடும். அழித்தது அதற்கும் முன்னால். அழித்த கணக்கு யாருடையது என்பது மட்டும் பதிவில் தெளிவாக இருந்தது.

தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் பந்தலுக்கடியில் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா, நாந்தான் அழிச்சேன். புதுசா வந்த பிள்ள சோறு போட வரையில டிவில இவ சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. ரெண்டு பேருக்கு நடுவுல உக்காந்து நான் எப்படித் திங்க?"

"டிவில வர்றதத்தான் நிறுத்திட்டேனேண்ணே. வீடியோவுல மொகங்கூடக் கெடயாது, கொரல் மட்டுந்தான. அத எதுக்கு அழிச்சீக?"

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கொரலத்தான் தாங்க முடியல."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சுமையை அவர் இறக்கி வைத்துக்கொண்டார், அது மகளுக்கும் சொந்தம் என்பதை நினைக்கவே இல்லை என்றுதான் தோன்றியது. அதைச் சொன்னேன். அவர் அடுத்த கம்பியை இழுத்துக் கட்டினார்.

மறுநாள் விடுதியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் பண்ணைப்புரம் போனேன். மதினியின் அப்பாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் பீரோவிலிருந்து தூக்குப்பையோடு டிஸ்க்கை எடுத்து வந்தார். என் கையில் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, அங்கன அவ வேணாம்ண்டுதான அழிச்சாக? இது இங்கன இருக்கட்டும். பேத்தி எப்ப வேணாலும் வரட்டும், கேக்கட்டும். அந்த வீட்டுக்கு இத நான் தர மாட்டேன்."

அந்த டிஸ்க்கைப் பூட்டித்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். பாஸ்வேர்டு இல்லாமல் செருகினால் காலி டிஸ்க் மாதிரிதான் தெரியும். இத்தனை நாள் அவர்களும் திறந்து பார்க்க முடியாமல்தான் வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை வைத்து நான் பேரம் பேசியிருக்கலாம். மனம் வரவில்லை. "நீங்களே வச்சுக்கங்க மாமா" என்று சொல்லி, லேப்டாப்பில் செருகித் திறந்தேன். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்தேன்.

மதினி பேச ஆரம்பித்தார். பந்தல், மருந்து, வியாபாரியைத் திட்டுவது. எதிரே வந்த ஆட்டை விரட்டிக்கொண்டே வெயிலைக் குறை சொல்வது. அவர் அப்பா திரையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மகள் ஒன்றுவிடாமல் கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். நோய்க்கு முந்தைய வைகாசியோடு நின்றது. நான் கடைசியாக டிஸ்க் மாற்றியது அப்போதுதான். ஆஸ்பத்திரி இல்லை. ஜன்னல் இல்லை. அவள் தேடி வந்த அந்த ஒன்று மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை.

"ஒங்ககிட்ட இருக்குண்டுதான அத்தே நான் என் போன்ல எறக்கி வைக்கல" என்றாள். குற்றம் சொல்லும் குரலாக இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இருந்ததை அவள் லேப்டாப்பில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அன்று அவள் என்னோடு வீட்டுக்கு வரவில்லை, தாத்தா வீட்டிலேயே தங்கினாள். அதன் பிறகு லீவு என்றால் பண்ணைப்புரம்தான். அப்பா போன் செய்தால் எடுத்துப் பேசுகிறாள், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாள், அவ்வளவுதான். புது மதினிதான் அழிக்கச் சொல்லியிருப்பார் என்று அவள் நம்புகிறாள். பண்ணைப்புரத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அண்ணன் அதைத் திருத்தவில்லை. மகளை என்னிடமிருந்து பிரித்தது உன் பெட்டி என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்மா இரண்டு பக்கமும் பேசாமல், பெட்டியை எடுத்து வெளியே வை என்று முடித்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து அடுப்படியில் புது மதினியும் நானும் மட்டும் இருந்தோம். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் அதுவரை நான் அதிகம் பேசியதில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"நான் அழிக்கச் சொல்லல. டிவில அந்தக்கா படம் வந்தப்ப நின்னு பாத்தேன், நெசந்தான். எப்படி இருந்தாக, என்ன சேல கட்டுனாகண்டு பாக்கத்தான் நின்னேன். எனக்குப் பிடிக்கலண்டு அவுகளா நெனச்சுக்கிட்டாக."

இதை அண்ணனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். அண்ணன் அதற்கும் பேசவில்லையாம். மகளிடம் நான் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் சொன்னால் அது நான் சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஆகும் என்றார். அது உண்மைதான். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, அவர் போன் படங்களையும் பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்து தரட்டுமா, இப்போது அழிக்கும் அனுமதி யாருக்கும் கிடையாது, வேறு ஊரிலும் நகல் வைக்கிறேன் என்று சொன்னேன். அவர் மொச்சைத் தோலை முறத்தில் ஒதுக்கினார்.

"வேணாம். நாளைக்கு எனக்கு ஒண்ணுண்டா, என்னையும் இப்படித்தான அழிப்பாக."

அவர் போன் இன்றுவரை அந்தச் சர்வரில் சேரவில்லை. அண்ணன் தன்னுடையதையும் எடுத்துவிட்டார். இப்போது அதில் ஏறுவது என் படங்களும், அம்மா தெரியாமல் அழுத்தி எடுக்கும் தரைப் படங்களும் மட்டும்தான். காலையில் மாடிக்குப் போனதும் கம்பெனி சர்வர்களின் பேக்கப் ஒழுங்காக ஓடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். ஓடியிருக்கிறது.