பூங்காவில் பெண் பார்த்த பௌர்ணமி

ஈரப் புல்லின் வாசனையும், மாநிலச் செய்திக்கு முன்னால் ரேடியோ கரகரக்கும் சத்தமும் சேர்ந்ததுதான் எனக்கு எங்கள் ஊர் நகராட்சிப் பூங்கா. திருவண்ணாமலையில் கோயிலையும் மலையையும் விட்டால் பார்க்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கு, வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட கல்தூணும், தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் சிமெண்ட் யானையும், கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ரேடியோ மண்டபமும் அங்கே இருந்தது தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பூங்காவுக்கு இன்னோர் உபயோகமும் இருந்தது. வீட்டுக்கு வரவழைத்து, பஜ்ஜி சொஜ்ஜி கொடுத்து, பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துபோகும் என்பதால், பெண்ணைப் பூங்காவில் வைத்துக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் "காத்தாடப் போறது" என்று பெயர். அக்காவுக்குப் புடவை கட்டிவிட்டு அம்மா அப்படிச் சொன்னால் எனக்கு ஊஞ்சலும் வேர்க்கடலையும் நிச்சயம். அக்காவின் முகத்தைக் கவனிக்கிற வயதில்லை எனக்கு.

போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதுவரை எந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் ஏறெடுத்துப் பார்க்காத அக்கா, இந்தப் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல நாளாக இருக்கட்டும் என்று அப்பா பௌர்ணமியைக் குறித்துவிட்டார். பௌர்ணமிக்குக் கூட்டம் வரும் என்பது உள்ளூர்க்காரரான அவருக்குத் தெரியாததல்ல. தன் சின்ன வயதில் பார்த்த கூட்டத்தையே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்றோ கிரிவலம் வந்த சனம் பூங்காவுக்குள்ளும் நிரம்பி, துண்டை விரித்துப் படுத்திருந்தது. இரு வீட்டாரையும் அறிந்த தூரத்து மாமா வந்த பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் அவர் வந்து சேரவில்லை. யானைக்குப் பக்கத்தில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருக்க, அப்பாவும் அம்மாவும் போட்டோவில் பார்த்த முகத்தைக் கூட்டத்தில் தேடி அலுத்தார்கள்.

"கூட்டம் ஜாஸ்தி, என்ன பண்றது," என்று இருட்டியதும் அப்பா எழுந்துகொண்டார்.

அடுத்த வாரம் மாமா வந்தார். "அவங்களும் வந்து தேடிட்டுதான் போயிருக்காங்க. மொத தடவையே இப்படித் தட்டிப்போச்சு, சகுனம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு வந்த வரன்களையெல்லாம் அக்கா வேண்டாம் என்றாள். காரணம் கேட்டு அம்மா அழுதும் பார்த்தாள், திமிர் என்று திட்டியும் பார்த்தாள். இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை. அக்கா என்னோடு இருக்கிறாள்.

பூங்காவும் இல்லை. மண்டபம், யானை, தூண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பௌர்ணமிக்கு வரும் வண்டிகளை நிறுத்தத் தார் போட்டிருக்கிறார்கள். போன மாதம் அந்த வழியாக ஆட்டோவில் வரும்போது அக்கா வெளியே கையைக் காட்டினாள்.

"தூண் இருந்துச்சே, அதுங்கிட்டதான்டி நின்னாரு. ஊதா சட்டை."

"பாத்தியா? அப்பவே அம்மாகிட்ட சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"பொண்ணு நானா எப்படிடி கைய நீட்டிக் காட்டறது? அம்மாவே பாத்துடுவாங்கன்னு குனிஞ்சிக்கினு உக்காந்திருந்தேன்."