படிவத்தில் அண்ணியின் பெயர்

எங்கள் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள். ஒருவர் அண்ணன், இன்னொருவன் நான். கிள்ளானில் கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் தொழில். நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வருடத்துக்கு ஒரு முறை அண்ணனோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், எங்கள் கம்பெனிப் பத்திரங்களைக் கவனிக்கும் செகரட்டரி காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. முடிந்ததும் இருவரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். டைரக்டர் வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் செகரட்டரி பேனாவை நீட்டவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, நிதானமான பெண்மணி. புதிதாக ஒரு படிவத்தை எங்கள் முன் வைத்தார்.

"சட்டம் மாறிடுச்சு சார். கம்பெனிய உண்மையில யார் நடத்துறாங்கன்னு டைரக்டர்ங்க எழுதிக் கொடுக்கணும். பேருக்கு யார் இருக்காங்கன்னு இல்ல, நெசமா யாருன்னு."

"நாங்க ரெண்டு பேர்தான்லா," என்றார் அண்ணன்.

"சரிண்ணே. போன வருஷம் புது லோரி வாங்கினீங்களே, யார் முடிவு பண்ணது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரி."

"சாமான் வைக்கிற ஸ்டோர மாத்தினது?"

"அதுவும் அவதான்."

"அவங்க வேணாம்னு சொல்லி நீங்க செஞ்ச காரியம் ஏதாவது இருக்கா?"

அண்ணன் நெடுநேரம் யோசித்தார். நானும் யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மூவரும் சிரித்துவிட்டோம். ஆனால் செகரட்டரி சிரிப்பை முடித்துக்கொண்டு சொன்னார்: "டைரக்டர்ங்க ஒருத்தர் சொல்படியே நடக்கிறாங்கன்னா, அந்த ஆளுக்கு ஒரு பங்குகூட இல்லன்னாலும் பேரப் பதியணும். மறைச்சா உங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும்."

அண்ணியிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டோருக்குப் போனபோது அவர் சாமியானாத் துணிகளை விரித்துப் போட்டு, கிழிந்தவற்றைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கூடாரம் எந்த ஊருக்குப் போயிருக்கிறது, எந்த லோரி எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள்கூட அண்ணனைக் கேட்கமாட்டார்கள். "அக்கா இருக்காங்களா?" என்றுதான் போன் வரும்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணியின் முகம் மாறியது.

"எம்பேர எதுக்கு கவர்மெண்டுல எழுதணும்? இத்தன வருஷமா நான் ஏதோ தப்பு பண்ணிட்டு இருந்தேனா?"

"தப்பு உங்களோடது இல்ல அண்ணி. நாங்கதான் எழுதாம விட்டுட்டோம்."

அவர் துணியை மடிக்கத் தொடங்கினார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவரும் மடித்தோம். பாதி மடித்ததும் அவராகவே பேசினார்.

"கம்பெனி ஆரம்பிச்சப்போ நம்ம வீட்டு ஹால்ல உக்காந்துதான் பேசுனாங்க. ஞாபகம் இருக்கா தம்பி? டைரக்டரா ரெண்டு பேர் வேணும்னாங்க. உங்கண்ணன் உடனே உங்களுக்குப் போன் போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அதெல்லாம் பயம். ஆனா கேட்டிருக்கலாம்."

அன்று அண்ணன் கூப்பிட்டபோது, படித்தவன் என்பதால்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று பெருமைப்பட்டது மட்டும் நினைவிருந்தது. அண்ணி இருக்கிறாரே என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே வீட்டில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து அண்ணி இருந்த சமையலறைக்குப் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது, "டைரக்டரா வந்துடுன்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னு சொன்னா," என்றார்.

அண்ணி ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "அந்த ஆபீஸுக்கு நானும் வரேன். என்ன பொறுப்புன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, செகரட்டரிக்கு எதிரே உட்கார்ந்து, மலாயில் இருந்த படிவத்தை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். வருட அறிக்கையை யார் அனுப்பவேண்டும், ஒரு விவரம் மாறினால் எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் யார் பொறுப்பு. செகரட்டரி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அண்ணனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் பக்கத்தில் அண்ணியின் விரல் நின்றது.

"இது தப்பு. தம்பி அட்ரஸ் செராஸ்னு போட்டிருக்கு. அவரு சுங்கை பூலோ போய் ரெண்டு வருஷமாச்சே!"

செகரட்டரி என்னைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லவே இல்லயே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் அந்தத் திருத்தத்துக்கான தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு, "நான் விலகிக்கிறேன் அண்ணி. என் இடத்துல நீங்க இருங்க," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம். நீங்களும் இருங்க," என்றார் அவர். "ஆனா இனிமே படிச்சிட்டுப் போடுங்க."

கம்பெனியை உண்மையில் நடத்துபவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரை எழுதினோம். மூன்றாவது டைரக்டராகவும் அவர் கையெழுத்திட்டார். என் பங்குகளில் பாதியை அவர் பெயருக்கு மாற்றும் பத்திரத்தையும் அன்றே தயாரிக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவத்தைப் போனில் படம் எடுத்து, பினாங்கில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "இது எனக்கு சின்ன வயசுலயே தெரியும்லா அம்மா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். அண்ணி மணியைப் பார்த்தார். சாயங்காலம் கிள்ளானில் ஒரு நிச்சயதார்த்தம், கூடாரம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.