ஏழாவது எழுத்து

மதுராந்தகம் துளசிக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. தன் கல்யாணச் சாம்பாரைக் குறை சொன்ன சித்தப்பா வீட்டு வாசலை அவள் இன்னும் மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் மறைமலைநகர் கம்பெனி மெஷினுக்காக உயிரைக் கொடுத்து எழுதிய ப்ரோக்ராமை, பக்கத்து சீட்டு தினேஷ் தன்னுடையது என்று காட்டி ப்ரமோஷன் வாங்கிவிட்டான். கேட்டதற்கு, "உன்னுது வேற, என்னுது வேற. போய் வேலயப் பாரு" என்றான்.

துளசி அடுத்த மீட்டிங்கில், இரண்டு ஃபைல்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைத் திரையில் ஓடவிட்டாள். ஒரே மாதிரி இருந்தால் கறுப்பு, மாறியிருந்தால் சிவப்பு. இடப்பக்கம் அவள் ஃபைல், வலப்பக்கம் அவனுடையது.

பக்கம் பக்கமாகக் கறுப்புதான் ஓடியது. ஒரே ஓர் இடத்தில் சிவப்பு. அங்கே அவள் தன் பெயரை ஆங்கிலத்தில் THULASI என்று ஏழு எழுத்தாகப் போட்டு வைத்திருந்தாள். அதன் மேலேயே தன் ஆறெழுத்துப் பெயரை அடித்த தினேஷ், கடைசியில் மிச்சமிருந்த 'ஐ'யைக் கவனிக்கவில்லை. ஆறு எழுத்தும் சிவந்து கிடக்க, அவளுடைய அந்த 'ஐ' மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது.

மேனேஜர் பார்த்தசாரதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "யாரும்மா இந்த தினேஷி?"

"தோ, அங்க உக்காந்துகினு இருக்காங்க சார்" என்றாள் துளசி.

ப்ரமோஷன் அந்த வாரமே பறிபோனது. துளசிக்கு அது போதவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறும்போதெல்லாம் முதல் குரல் இன்றும் அவளுடையதுதான்.

"லேடீஸ் சீட்டு காலியாக் கீதா பாருங்க. தினேஷி வராங்க."