விரலில் ஒட்டிய சுண்ணாம்பு

திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை பார்த்தேன். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் பேசுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. அங்கே என்னோடு தமிழில் பேசியவர், பலமனேரிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண் ஒருவர்தான். என்னை அண்ணா என்பார். நான் மேடம் என்பேன்.

ரத்தத்தின் சிவப்பு அணுக்களை வைத்து அவர் ஏதோ செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடம் அவரைக் கூப்பிட்டிருந்தது. எங்கள் பேராசிரியர் கோடை விடுமுறைக்குள் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் போதும். ஆனால் சோதனை சரியாக வரவில்லை. காலையில் சரியாக வருவது மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டு குழாய்களில் கெட்டுவிடும். முதலில் ரத்தம் கொடுத்தவன் நான். என் ரத்தத்தில்தான் கோளாறோ என்று பிறகு தன் ரத்தத்தையே எடுக்கக் கொடுத்தார். முழங்கை மடிப்பில் எப்போதும் பஞ்சு இருக்கும்.

ஒருநாள் பேராசிரியர் எல்லார் எதிரிலும், "நீ சேதிலோ சுத்தம் லேதம்மா" என்றார். உன் கையில் சுத்தமில்லை என்று. சோதனை சரியாக வரும்வரை கடிதம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

பேராசிரியர் போனபின் அவரிடம் மெல்லக் கேட்டேன்.

"இன்னா மேடம் தப்பு?"

"அணுவுக்கு ஒரு தோலு கீதுண்ணா. சுண்ணாம்புச் சத்தை லேசுல உள்ள வுடாது. பூந்தாலும் வெளிய தள்ளிக்கினே இருக்கும். நான் மருந்து ஊத்தி அதுக்குக் கதவைத் தொறந்து வுடறேன். உள்ள பூந்தா அணு சுருங்கிப்பூடும். சுண்ணாம்பே இல்லாத குழாயில சுருங்கக் கூடாது. சுருங்குதே! எங்கேர்ந்து வருதுன்னு தெரியில."

எனக்குத் தெரிந்துவிட்டது. மதியம் சாப்பிட்டதும் வெற்றிலை போடுவேன். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கதவு மூலையில் தேய்த்துவிட்டு வேலைக்கு வருவேன். காலிக் குழாய்களைத் தூக்க எனக்கு ஒரு வழக்கம் இருந்தது: நாலு விரலையும் நாலு குழாயின் வாய்க்குள் நுழைத்து ஒரே கையில் நாலாகக் கொண்டுபோவேன். வேகமான ஆள் என்று பெயர்.

அப்போதும் என் விரல்கள் குழாய்களுக்குள்தான் இருந்தன. "என்னாலதான் மேடம்" என்று அன்றே சொல்லியிருந்தால், பேராசிரியர் என்னைத் திட்டிவிட்டுக் கடிதத்தை எழுதியிருப்பார். நான் குழாய்களை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கழுவினேன்.

அன்றோடு வெற்றிலையை விட்டேன். சோதனைகள் ஒவ்வொன்றாகச் சரியாக வந்தன. ஆனால் மறுபடி முதலிலிருந்து செய்து முடிப்பதற்குள் விடுமுறை வந்துவிட்டது. கடிதம் கைக்கு வந்தபோது அங்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

அவர் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். சில வருடம் கழித்து அந்த வேலையிலேயே அமெரிக்காவும் போனார். எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாரே என்பார்கள் கூட இருந்தவர்கள். அணுக்களை விட்டுவிட்டல்லவா போனார்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய கடைசி நாளன்று என் வாயைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, வெத்தலையை வுட்டுட்டீங்களா? வாயி வெளுத்துகினு கீதே!"

"பல்லு வலி மேடம்."

"அய்யோ, சொல்லக் கூடாதா? கிராம்பு வச்சிக் கடிங்கண்ணா" என்றவர், பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு, வாங்கிவரக் கடைக்குப் போனார்.