ஜீப்பில் வரவேண்டியவர்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்றால் அது அவர் குடியிருக்கும் வரிசைவீட்டு லைனுக்கே விசேஷம். கழுத்து நிறைய மாலையோடு கம்பெனி ஜீப்பில் அழைத்துவந்து விடுவார்கள். மேளம் அடிக்கும். வந்தவர்களுக்கு அந்த வீட்டில் பிரியாணி. போன வருஷம் எதிர்வீட்டு ராஜப்பா அப்படித்தான் வந்து இறங்கினார்.

தசரதனும் ராஜப்பாவும் ஒரே ஃபவுண்டரியில் இரும்பு உருக்கியவர்கள். ஒரே ஷிப்ட், ஒரே ஃபர்னஸ், ஒரே அனல். ராஜப்பா பர்மனெண்ட், தசரதன் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஜீப் கிடையாது என்பது தசரதனுக்குத் தெரியாததில்லை. ஆனால் ராஜப்பா வீட்டு விருந்தில், கை கழுவத் தண்ணீர் ஊற்றிய தசரதனின் தோளைத் தட்டி மேனேஜர் மஞ்சுநாத் சொல்லியிருந்தார், அடுத்த பிரியாணி உங்கள் வீட்டில்தான் என்று.

அந்த வார்த்தையைத் தசரதன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி ஜெயம்மா அதை லைன் முழுக்கக் கொண்டுபோனாள். ராஜப்பாவைக் ‘கம்பெனிக்காரர்’ என்றும் தன் புருஷனைக் ‘கூலிக்குப் போறவர்’ என்றும் லைனில் சொல்லக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டுக் கிடந்தவள். அவரும் கம்பெனி ஆள்தான் என்று ஒரு நாளாவது இந்த லைன் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஷாமியானா போட்டாள், மேளத்துக்குச் சொன்னாள், ஆபீசர்களுக்குப் போட மாலைகூட வாங்கி வைத்தாள்.

கடைசி நாள் தசரதன் இஸ்திரி போட்ட சட்டையில் போனார். கூட வேலை செய்யும் பையன்கள் டீயும் பன்னும் வாங்கித் தந்தார்கள். மத்தியானத்துக்குமேல் மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தார். நேராகத் தசரதனிடம்தான் வந்தார். இவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“தசரதன், நாளைக்கு ரெண்டாவது ஃபர்னஸ்ல வேலை இருக்கு. நீங்களே கூட நின்னு பாத்துக்குங்க. வேற யாரையும் என்னால நம்ப முடியாது.”

இன்றோடு கடைசி என்ற சொல் நாக்குவரை வந்தது. சொன்னால் இத்தனை பேர் முன்னால் சாருக்குச் சங்கடமாகிவிடுமே என்று பட்டது.

“சரிங்க சார்” என்றார்.

கேட்டில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஷெர்வின் நின்றிருந்தான். பாஸை வாங்கிக்கொண்டான், ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான். பிறகு முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தான்.

“அண்ணே, ஷூவும் குடுத்துட்டுப் போவணும். தப்பா நெனச்சிக்காதீங்க. திங்கக்கிழமை வர்ற ஆளுக்கு இதே சைஸு.”

தசரதன் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். செருப்பு கொண்டுவரவில்லை, தினமும் இந்த ஷூவிலேயே வந்து போகிறவர். ஷெர்வினுக்கே மனசு கேட்கவில்லை. பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

“வாணாம்பா. ஜீப்பு வரும்னு சொல்லிவெச்சிருக்கா வீட்ல. பைக்குல போய் இறங்குனா நல்லாருக்காது.”

மெயின் ரோட்டில் நடந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மண்மேட்டின் பின்பக்கமாகப் போனார். கருங்கல் ஜல்லி காலில் குத்தியது. லைனின் பின்சந்து வழியாக அவர் வருவதை ஜெயம்மாதான் முதலில் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். புழுதியேறிய வெறுங்காலைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் யாருமில்லாத அந்தச் சந்துப் பக்கமும் ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷாமியானா பக்கம் திரும்பினாள்.

“சாரு போன் பண்ணாரு. திடீர்னு பெங்களூர்ல மீட்டிங்காம், இன்னொரு நாள் வரேன்னாரு. இன்னா பாத்துக்கினு இருக்கீங்க, எல்லாம் உக்காருங்க, சோறு ஆறிடப் போவுது.”

அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது தசரதனின் சட்டைப்பையில் இருக்கும் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ராஜப்பாதான் முதலில் போய் இலை முன்னால் உட்கார்ந்தார். மேளக்காரர் ஜெயம்மா பக்கத்தில் வந்து, அடிக்கலாமாம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

“வாணாண்ணா. நீங்களும் சாப்டுங்க.”

தசரதன் கால் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அவர் உள்ளே வரவில்லை.