சோபா உயரத்துக்கு மாட்டிய விளக்கு

எங்கள் வீட்டு ஹாலில் சோபா ஒன்று இருக்கிறது. துவைத்து, இன்னும் மடிக்காத துணிகள்தான் அதில் உட்காரும். விருந்தாளி வந்தால் துணிகள் எழுந்து உள்ளே போகும். அவர்கள் போனதும் திரும்ப வந்துவிடும். நானும் மகளும் தரையில்தான். சாப்பிடுவது, அவள் வீட்டுப்பாடம் எழுதுவது, நான் நைட்டிக்குப் பொத்தான் காஜா எடுப்பது, டிவி பார்ப்பது எல்லாமே சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு நடக்கும். சங்கரன்கோவிலில் பாதி வீடு இப்படித்தான். இதை முதலில் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அங்கே தன் மேலதிகாரியின் வீட்டுக்கு ஒருநாள் போனவர், டிவிக்குப் பின்னால் சுவரே ஒளிர்வதைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்கும் ஆசைதான், மறைக்க மாட்டேன். ராஜபாளையம் ரோட்டில் மாடுலர் சாமான் செய்து தருகிற ஒரு கடையில் ஏற்பாடானது. டிவிக்குக் கீழே இழுப்பறைகள், இரண்டு பக்கமும் சுவரில் தொங்கும் பலகைகள், ஒவ்வொரு பலகைக்கும் அடியில் எல்இடி ஸ்ட்ரிப். எல்லாம் அளவாக வெட்டி வரும், நம் வீட்டில் வைத்து மாட்டினால் போதும். கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து ஒரு படமும் அனுப்பினார்கள். அந்தப் படத்தில் எங்கள் ஹாலில் நான்கு பேர் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒருவரும் இல்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாட்ட வந்தவர் ஐம்பது வயதுக்காரர், தொழில் தெரிந்தவர். காலையிலிருந்து என்னிடம் பல விஷயங்கள் கேட்டார். மெயின் சுவிட்ச் எங்கே, ஸ்டூல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, துடைக்கப் பழைய துணி உண்டா. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். விளக்கு எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

பலகையின் முன் விளிம்பில், ஸ்ட்ரிப்பை மறைப்பதற்காக ஒரு அங்குலப் பட்டி கீழ்நோக்கி இருந்தது. ஸ்ட்ரிப் பதிகிற அலுமினியச் சட்டத்துக்குப் பலகையின் அடியில் நீளப் பள்ளமாகக் காடி வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் அவர் ஸ்ட்ரிப்பை டேப்பால் ஒட்டி எரியவிட்டுக் காட்டினார். பலகையின் பின்பக்கம், சுவரை ஒட்டி வைத்திருந்தார். சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம் வழிந்தது. நின்று பார்க்க அவ்வளவு அழகு. சோபாவில் உட்கார்ந்து பார்த்தாலும் அழகு, பட்டி பல்புகளை மறைத்துவிடும். நான் தரையில், என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பட்டிக்குக் கீழாக என் கண் போய்விட்டது. அத்தனை பல்பும் வரிசையாக நேரே முகத்தில் அடித்தன.

பட்டியை ஒட்டினாற்போல முன்பக்கம் வையுங்கள், அப்போது கீழே இருப்பவர்களுக்கும் பல்பு தெரியாது என்றேன். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை. காடி ஒரு சாண் முன்னால் வரும், அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்க்கா."

என் கணவருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் வேலை கொடுக்கிறவர் அண்ணாச்சி. வேலை நடக்கிற வீட்டில் இருக்கிறவள் வெறும் அக்கா. வீடியோ கால் போட்டு, ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து இரண்டு விதமாகவும் எரித்துக் காட்டினார். பின்னால் வைத்தால்தான் சுவர் ஜொலிக்கிறது என்று அங்கிருந்து தீர்ப்பு வந்தது. பல்பின் மேல் மாட்டுகிற பால்நிற மூடியும் வேண்டாமாம், மூடினால் போனில் மங்கலாகத் தெரிகிறதாம். யார் வீட்டில், யார் கண்ணுக்கு, எந்தப் போனில்! நான் குறுக்கே போய், போனோடு கீழே உட்கார்ந்து காட்டுங்கள் என்றேன். அவரிடம்தான் பேசி முடித்தாயிற்றே, விடு என்றார் என் கணவர்.

எனக்கு மனம் ஆறவில்லை. அடுக்களைக்குப் போய் வாட்ஸப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், ஹாலில் மெஷின் சத்தம் கேட்டது. சுவரை ஒட்டியே காடி வெட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஏழு மாதம் அந்த விளக்கோடு வாழ்ந்தோம். வாழ்ந்தோம் என்பதுகூடச் சரியில்லை, அதை அணைத்து வைத்துக்கொண்டு இருந்தோம். எப்போதாவது எரியவிட்டால், மகள் நோட்டை எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்து எழுதினாள். எனக்கு ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணுக்குள் புள்ளி புள்ளியாக மிதந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற அக்கம்பக்கத்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஒருவராவது உள்ளே வந்து கீழே உட்கார்ந்திருந்தால் என் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் வீடியோ காலில் என் கணவர் விளக்கைப் போடச் சொல்வார். நான் எழுந்து போய்ப் போட்டு, நின்றபடி காட்டிவிட்டு, கால் முடிந்ததும் அணைப்பேன். அந்தச் சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் எனக்கு எரிந்துகொண்டு வரும். தெரியாமல் செய்த தப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லிய பிறகும் செய்ததை எப்படிப் பொறுப்பது?

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு கிடைத்து அவர் வந்தார். முதல் இரண்டு நாள் விருந்தாளி மாதிரி சோபாவில் உட்கார்ந்து விளக்கை ரசித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், நாங்கள் தோசைத் தட்டோடு கீழே இருப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் பிட்டு வைத்தவர் நிமிர்ந்து பார்த்துக் கையால் கண்ணை மறைத்தார். என்ன இது, இப்படியா மாட்டுவான் என்று அந்த ஆளைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டுதான இருந்த? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நான் கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பழையதை எல்லாம் தள்ளித் தள்ளி, அந்தக் குரல் பதிவைக் கண்டுபிடித்துத் தட்டினேன்.

"ஏங்க, கீழ உக்காந்து பாத்தா அத்தன பல்பும் கண்ணுல குத்துது. பட்டிய ஒட்டி முன்னால வைக்கச் சொல்லுங்க. காடி வெட்டிட்டா பெறகு மாத்துறது கஷ்டம்."

அதற்குக் கீழே அவருடைய கட்டைவிரல் இருந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சட்னியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். வேலையாக இருந்தேன், கேட்டேன், ஆனால் அந்த ஆள் தொழில் தெரிந்தவர்தானே என்று நினைத்துக்கொண்டேன் என்றார். தொழில் அவருக்குத் தெரியும், இந்தத் தரை எனக்குத் தெரியும் என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மாட்டியவருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலையில் மாட்டியவர் மெஷினோடு வந்து நின்றார். என்னைக் கடந்து போய், புதுக் காடியை எங்கே எடுக்கட்டும் அண்ணாச்சி என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என் பக்கம் கையைக் காட்டினார். இதைச் சொன்னால் என் தங்கை, அப்படியே உருகியிருப்பாயே என்கிறாள். உருகவெல்லாம் இல்லை. என் வீட்டில் என்னைக் கேட்கச் சொன்னதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? அந்த மனிதர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. சரிதானா என்பதுபோல என் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கன பாக்காதிய," என்றேன். "மெஷினக் கீழ வச்சிட்டு, முதல்ல இங்கன உக்காருங்க."

உட்கார்ந்தார். நான் போய் எல்லா விளக்கையும் போட்டேன்.