கண்ணுக்குத் தெரியாத ஆவி

நாற்பது வருஷத்துக்கு மேல் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்ட மனிதர், ஒரு ஆனி மாத மத்தியானத்தில், ஆம்பிளைப் பையனைக் கூப்பிடுவதுபோல ‘ஏலே’ என்று கூப்பிட்டார்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கி, மறுபடி சீறத் தொடங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் அவர் நிற்கிறார். கையில் ஒட்டடைக் கம்பு. அதை நெஞ்சுக்கு நேராக முன்னால் நீட்டி, மேலிருந்து கீழாக மெதுவாக அசைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக உள்ளே வந்தார்.

“ஏலே, அங்கனயே நில்லு. அசையாத.”

எனக்குக் கை நின்றுவிட்டது. பாம்பு ஏதும் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

“என்னங்க, என்ன செய்யுதிய?”

அவர் என்னைப் பார்த்தார். பார்த்தது என்னைத்தான், ஆனால் அவர் கண்ணில் இருந்தது நான் இல்லை. கம்பை நீட்டியபடியே அடுப்புவரை வந்து, காஸை அணைத்து, என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். எழுபது தாண்டிய கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. கூடத்துக்கு வந்ததும் என் முகம், கழுத்து, கை என்று தடவிப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆவல. ஒண்ணும் ஆவலலே உனக்கு,” என்றார்.

என் வீட்டுக்காரர் கடற்படையில் இருந்தவர். நீராவியில் ஓடிய பழைய போர்க்கப்பல் ஒன்றில், கீழ்த்தளத்தில், பாய்லர் ரூமில் அவருக்கு வேலை. எங்களுக்குக் கல்யாணமான பிறகும் சில வருஷம் அதில்தான் இருந்தார். நான் கொச்சியில் குவார்ட்டர்ஸில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருந்தேன். கப்பலைப் பற்றிக் கேட்டால் “சூடு” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பென்ஷன் வாங்கிக்கொண்டு மேலகரத்துக்கு வந்த புதிதில் ஒரு அரிசி மில்லில் பாய்லர் பார்க்கக் கூப்பிட்டார்கள். நல்ல சம்பளம். மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தென்காசியில் ஒரு பேங்க் வாசலில் காவலுக்கு நின்றார். “பாய்லர் தெரிஞ்ச மனுசன் போயி வாசல்ல நிக்கணுமா?” என்று நான் சண்டை போட்டேன்.

“வாசல்தான் நல்லது,” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

தென்காசி டாக்டர் இது ஞாபகம் கழன்றுபோகிற வியாதி என்றார். மாத்திரை கொடுத்தார். பழசெல்லாம் கிட்டே வரும், புதுசெல்லாம் தள்ளிப்போகும், நீங்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். எந்தப் பழசு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

கம்பு இல்லாமல் அவர் எந்த அறைக்குள்ளும் போவதில்லை என்று ஆனது. குளியலறைக்கும் கம்பு. சாமி படம் இருக்கிற அறைக்கும் கம்பு. செங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, அதை எடுத்து ஒளிச்சு வையி, தன்னால மறந்துருவாரு,” என்றாள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அன்றைக்கு அவர் கூடத்தை விட்டு நகரவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. உட்காரவும் இல்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிவிட்டது. நானே போய்க் கம்பை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “எங்கலே போன?” என்று கேட்டார். அந்தக் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நல்ல மனிதர்தான். அடித்ததில்லை, வைததில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கென்று எடுத்துவைத்த குரல் இல்லை.

ஆலங்குளத்தில் அவரோடு ஒரே கப்பலில் இருந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், அதிகம் பேசமாட்டார்கள். ஆடி பிறந்ததும் வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர் கம்பை நீட்டிக்கொண்டு உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். அண்ணாச்சி ஒரு செருப்போடு அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

“எத்தன நாளா மாப்ள இப்படிச் செய்யுதாரு?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒரு மாசமாச்சு அண்ணாச்சி. பாம்புக்குப் பயந்தா, பல்லிக்குப் பயந்தா, எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

அவர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். துவைகல்லில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

“குக்கர்ல வெள்ளையா வருதுல்லா, அது ஆறிப்போன ஆவிம்மா. பாய்லர் ரூம்ல இருக்குத சூட்டுல ஆவி கண்ணுக்கே தெரியாது. குழாய்ல ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் சத்தம் மட்டும் ரூம் பூரா கேக்கும், எங்கன இருந்து வருதுன்னு தெரியாது. கைய நீட்டினா கை போயிரும். அதனால தரை பெருக்குத வாரியக் கம்ப முன்னால நீட்டி ஆட்டிக்கிட்டே போவோம். கம்பு நுனி துண்டா விழுந்தா, ஓட்டை அங்கனதான்.”

எங்கள் கல்யாணத்துக்கு முந்தி, நடுக்கடலில், அப்படி ஒரு குழாய் பிய்ந்திருக்கிறது. முதலில் சின்னதாகச் சீறியது. தேடிக்கொண்டு கம்போடு முன்னால் போனவர் என் வீட்டுக்காரர். பின்னால் ராயகிரிக்காரப் பையன் ஒருவன், கப்பலுக்கு வந்து கொஞ்ச காலம்தான். திடீரென்று மூட்டு மொத்தமாகக் கழன்றுகொண்டது. என் வீட்டுக்காரர் ஏணி வழியாக மேலே வந்துவிட்டார். பையன் வந்துசேரவில்லை. ஆவியை அடைத்துவிட்டுப் போய்த் தூக்கிவந்தபோது உயிர் இருந்தது.

“கரை வர வரைக்கும் மாப்ளதான் பக்கத்துல உக்காந்திருந்தாரு. அவன் பேசிக்கிட்டே கெடந்தான். நம்ம ஊர்ல சீசன் ஆரம்பிச்சிருக்குமா அண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். குத்தாலத்துத் தண்ணியில ஒரு தரம் நின்னா எரிச்சல் போயிரும்னான். கூட்டிட்டுப் போறேம்லே, கூட்டிட்டுப் போறேம்லேன்னு இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கொச்சி கண்ணுக்குத் தெரியுததுக்கு முன்னாலயே முடிஞ்சுபோச்சு.”

மேலகரத்திலிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம், பஸ்ஸில் பத்து நிமிஷம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நான்தான் அருவிக்குக் கூட்டிப்போவேன். அவர் ஒருநாளும் வந்ததில்லை. கூட்டம் பிடிக்காது என்பார். நானும் அப்படியே நம்பினேன்.

அதற்குப் பிறகு அவர் ‘ஏலே’ என்று கூப்பிட்டால் நான் திருத்தவில்லை.

“வலிக்குதாலே?” என்பார்.

“இல்லண்ணே.”

“தண்ணி வேணுமா?”

“குடிச்சிட்டேன் அண்ணே.”

அப்படிச் சொன்னால் அவர் முகம் தெளிந்துவிடும். போய்ப் படுத்துக்கொள்வார். போனில் இதைக் கேட்ட மகள் அழுதாள். “நீ எதுக்கும்மா அதுக்கு எடம் கொடுக்குத? அந்தப் பையன் செத்து எத்தன வருஷமாச்சு!” என்றாள். பட்டப்பகலில், கையில் கரண்டியோடு, முகம் தெரியாத ஒருவனாக நான் நிற்கும்போது சில நேரம் எனக்குப் பிடரி குளிர்ந்துபோகும். நான் பேசுகிறேனா, அவன் என் வாயை வாங்கிப் பேசுகிறானா என்று தோன்றும். ஆனாலும் அவர் தூங்கினார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒருநாள் காலையில் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “சீசன் வந்துட்டுலே. வா, போவோம்.”

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தார். மூன்று பேரும் ஆட்டோவில் மெயின் அருவிக்குப் போனோம். வார நாள் என்பதால் கூட்டம் குறைவு. தண்ணீர் நிறைய விழுந்தது. பாலத்தில் வரும்போதே அந்த இரைச்சல் கேட்டு அவர் நின்றார். என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் பயந்துவிட்டேன். ஆனால் கூப்பிட்டது அவர்தான். “ஒண்ணுமில்லலே, இது தண்ணி,” என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு நடந்தார்.

ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் பிரிகிற இடத்தில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ், “அம்மா, லேடீஸ் அந்தப் பக்கம்,” என்றாள். அவர் என் கையை விடவில்லை. அண்ணாச்சி அவர் தோளில் கைபோட்டு, “வாங்க மாப்ள, நாம போயிட்டு வருவோம்,” என்றார். அவர் தோளை உதறினார். “இவன விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எப்படியாவது அவர் அந்தத் தண்ணீரில் ஒருதரம் நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

“நீங்க முன்னால போங்கண்ணே,” என்றேன். “நான் பின்னாலயே வாரேன்.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருக்கும்.

“அன்னைக்கும் அப்படித்தானலே சொன்ன,” என்றார்.

அண்ணாச்சி எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த ஏணியடியில் என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இருந்த வார்த்தை அது. என்னை அறியாமல் அதையே நான் சொல்லியிருக்கிறேன். அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரமோ உட்கார்ந்திருந்தோம். காற்று திரும்பும்போதெல்லாம் அருவியின் தூவானம் எங்கள்மேல் அடித்தது. அவர் சட்டை முழுக்க நனைந்தது. அவர் அழுதாரா என்று சொல்ல முடியாதபடி முகமும் நனைந்திருந்தது.

கடைசியில், “ஏட்டி, குளிருது, வீட்டுக்குப் போவோம்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அவனைக் கூப்பிடவில்லை. என்னையும் அதிகம் கூப்பிடவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. மார்கழியில் நெஞ்சில் சளி கட்டி, தென்காசி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். துபாயிலிருந்து மகன் வந்தான். எல்லாம் முறைப்படி நடந்தது. மூவர்ணக் கொடி போர்த்தியது தெருவில் எல்லாருக்கும் பெருமை.

காரியத்துக்கு வந்த அண்ணாச்சி புறப்படும்போது, அந்தப் பையனின் பெயர் என்ன என்று கேட்டேன். அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவன் வெறும் ‘லே’தான். அண்ணாச்சி சொன்னார். ராயகிரியில் அவனுடைய அம்மா இறந்து வெகுகாலமாயிற்று என்றும், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்றும் சொன்னார்.

பிள்ளைகள் போன பிறகு, ஒருநாள் காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயரைக்கூட நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இவனை நினைத்துச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னேன்.

சொல்லி வாயை மூடுவதற்குள், “என்னண்ணே,” என்று பதில் வந்தது. என் தொண்டையிலிருந்துதான் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பெயரை நான் சொல்வதில்லை.